20 மீட்டரில் குறி தப்பாத வில், 50 மீட்டரில் ஏன் மேலும் கீழும் சிதறுகிறது?

செந்தூல்காரன் | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் எய்வது லேமினேட் செய்த (பட்டைகளை அடுக்கி ஒட்டிய) குதிரைவில், 28 அங்குல இழுவையில் 35 பவுண்டு இழுவிசை. மூன்று விரல் பிடி, ஆங்கர் (முழுசாக இழுத்ததும் விரல் முகத்தில் வந்து நிற்கும் இடம்) வாயோரம். கார்பன் அம்பு, வான்கோழி இறகு. சைட் (குறிபார்க்கும் கருவி), ஸ்டெபிலைசர், கிளிக்கர் (முழுசாக இழுத்ததும் சத்தம் தரும் தகடு) எதுவும் கிடையாது. வாங்கும் எண்ணமும் இல்லை.

20 மீட்டரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆறு அம்பும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் விழுந்துவிடும். 30 மீட்டரிலும் சமாளித்துவிடுகிறேன். எங்கள் கிளப்பில் 50 மீட்டர் பாதை ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் கிடைக்கும். அங்கே போய் நின்றால் கதையே வேறு. 122 செ.மீ. டார்கெட்டில் (நடுவில் மஞ்சள், அதற்கு வெளியே சிவப்பு, நீலம், கறுப்பு, ஓரத்தில் வெள்ளை) ஒரு அம்பு மேலே வெள்ளையில் குத்தும், அடுத்தது மஞ்சளில், அதற்கடுத்தது டார்கெட்டுக்குக் கீழே புல்லில். இடம் வலம் அவ்வளவு மோசமில்லை. மேல் கீழ்தான் பாடாய்ப் படுத்துகிறது.

இதுவரை அம்பு முனையைப் பார்க்காமல், இலக்கை மட்டும் பார்த்துக் கைப்பழக்கத்தில் விட்டு வந்தேன். கிளப்பில் சிலர் கேப் முறைக்கு (அம்பு முனைக்கும் இலக்குக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துக் குறிவைப்பது) மாறு என்கிறார்கள். இன்னும் சிலர் வில்லையே 45 பவுண்டுக்கு மாற்றினால் தீர்ந்துவிடும் என்கிறார்கள். காசைக் கொட்டும் முன் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன். எங்கிருந்து தொடங்குவது?


பழைய நாண் | ஞாயிறு, இரவு 10.15

தம்பி, வில்லை மாற்றாதீர்கள். குறி பார்க்கும் முறையையும் மாற்றாதீர்கள். 20 மீட்டரில் கண்ணும் கையும் ஒத்துழைக்கிறது என்றால் அடிப்படை சரியாக இருக்கிறது. 50 மீட்டர் உங்கள் கைக்கு இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு காலை மட்டும் அந்தத் தொலைவைப் பார்க்கும் கண்ணுக்கு அம்பின் வளைவு எப்படி மனதில் பதியும்?

30-லிருந்து ஒரே தாவாக 50-க்குப் போகாதீர்கள். ஐந்து ஐந்து மீட்டராகப் பின்னால் நகருங்கள். 35-ல் எல்லா அம்பும் நீலத்துக்குள் வரும்வரை 40-க்குப் போகவேண்டாம். டார்கெட்டை முழுசாகப் பார்ப்பதையும் விடுங்கள். மஞ்சளின் நடுவில் ஒரு சின்னப் புள்ளி ஒட்டி அதை மட்டும் பாருங்கள். பரந்த இடத்தைப் பார்த்தால் அம்பும் பரந்துதான் விழும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெரியவரிடம் நான் கற்றது இந்த முறைதான். இன்றுவரை அம்பு முனையைப் பார்த்து எய்ததில்லை.


ஆயர் ஈத்தாம் டீச்சர் | திங்கள், காலை 6.50

பள்ளிக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

பழைய நாண் ஐயா சொன்ன ஐந்து மீட்டர் பயிற்சி நல்ல பயிற்சி, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் செந்தூல்காரன் ஒரு முக்கியமான தடயத்தைக் கொடுத்திருக்கிறார்: இடம் வலம் பரவாயில்லை, மேல் கீழ் மட்டும் சிதறுகிறது. குறி பார்ப்பதில் மட்டும் தவறு என்றால் சிதறல் எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் வளர்ந்திருக்க வேண்டும். இங்கே அப்படி வளரவில்லை.

35 பவுண்டு வில்லிலிருந்து அம்பு ஏறத்தாழ நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றுத் தடையை விட்டுவிடுவோம். 20 மீட்டரைக் கடக்க 0.4 நொடி ஆகும். அதற்குள் அம்பு 78 செ.மீ. விழுந்திருக்கும். 50 மீட்டரைக் கடக்க 1 நொடி. அதற்குள் 4.9 மீட்டர் விழுந்திருக்கும். தொலைவு இரண்டரை மடங்கு, ஆனால் வீழ்ச்சி ஆறேகால் மடங்கு. வீழ்ச்சி நேரத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது.

வில்லாளி செய்யும் பிழைகள் இரண்டு வகை. ஒன்று, கோணப் பிழை. குறி கொஞ்சம் மேலே போய்விட்டது, கீழே போய்விட்டது, விடும்போது கை அசைந்தது, இதெல்லாம் இந்த வகை. இது தொலைவுக்கு ஏற்பவே வளரும்: 20 மீட்டரில் 10 செ.மீ. விலகினால் 50 மீட்டரில் 25 செ.மீ. இன்னொன்று, வேகப் பிழை. இது வீழ்ச்சியைப் பிடித்துக்கொண்டு வளரும். அம்பின் வேகம் 2 விழுக்காடு குறைந்தால் 20 மீட்டரில் 3 செ.மீ. மட்டுமே கீழே விழும், கண்ணுக்கே தெரியாது. அதே 2 விழுக்காடு 50 மீட்டரில் 20 செ.மீ. 122 டார்கெட்டில் ஒரு வளையம் 6.1 செ.மீ., ஆக மூன்று வளையம் போச்சு.

வேகப் பிழை மேல் கீழாக மட்டும்தான் தெரியும், பக்கவாட்டில் தெரியாது. அதனால் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். 20 மீட்டரில் உங்கள் அம்புக் கூட்டத்தின் உயரத்தையும் அகலத்தையும் டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 50 மீட்டரிலும் அதையே செய்யுங்கள். அகலம் இரண்டரை மடங்கை ஒட்டி வளர்ந்து, உயரம் நாலு ஐந்து மடங்கு வளர்ந்திருந்தால் கோளாறு கண்ணில் இல்லை. ஒவ்வொரு அம்பும் ஒவ்வொரு வேகத்தில் கிளம்புகிறது. அப்போது கேப் முறைக்கு மாறினாலும் கைப்பழக்கத்திலேயே இருந்தாலும் பலன் ஒன்றுதான்.


பழைய நாண் | திங்கள், மதியம் 1.05

டீச்சர், கணக்கு புரிகிறது, நன்றி. ஆனால் எய்பவன் கோட்டில் நின்று கணக்கு போடமுடியாது. வேகம் மாறுகிறது என்று தெரிந்த பிறகும் அதைச் சரிசெய்வது உடம்புதான். உடம்புக்கு எத்தனை அம்பு எய்தோம் என்ற எண்ணிக்கைதான் பாடம். இதை மறந்துவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.


ஆயர் ஈத்தாம் டீச்சர் | திங்கள், மதியம் 2.30

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. எந்தப் பாடத்தை உடம்புக்குக் கொடுப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் கணக்கு. கோட்டில் நிற்கும்போது அது தலையில் இருக்கக்கூடாது.


பாலேக் பூலாவ் கட்டைவிரல் | திங்கள், இரவு 8.20

டீச்சர் சொன்னதை ஒட்டி என் அனுபவம். வேகம் மாறுவதற்குப் பத்தில் ஏழு எட்டுத் தடவை காரணம் இழுவை நீளம். அரை அங்குலம் குறைவாக இழுத்தால் பவுண்டும் குறையும், நாண் அம்பைத் தள்ளும் தூரமும் குறையும், இரண்டும் சேர்ந்து வேகத்தில் இரண்டு இரண்டரை விழுக்காட்டைத் தின்றுவிடும். ஒரு அங்குலம் என்றால் 50 மீட்டரில் அரை மீட்டர் கீழே. அதே ஒரு அங்குலம் 20 மீட்டரில் 8 செ.மீ.தான், தட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அதனால்தான் உங்களுக்கு இத்தனை நாள் தெரியவில்லை.

கிளிக்கர் இல்லாத வில்லில் இதைப் பார்ப்பது எப்படி? ஒரு அம்பை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக முழு ஆங்கருக்கு இழுத்துப் பிடியுங்கள். வில்லின் முன்பக்கம் அம்பைத் தொடும் இடத்தில் நண்பரை ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கோட்டிலிருந்து இறகுப் பக்கமாக அரை அரை அங்குலத்துக்கு இன்னும் இரண்டு கோடு, நிறம் மாற்றி. வெள்ளை நெயில் பாலிஷ் போதும், கார்பனில் நன்றாகத் தெரியும். எல்லா அம்புக்கும் இதே மாதிரி.

அப்புறம் நண்பர் உங்கள் பக்கவாட்டில், எய்யும் கோட்டுக்குப் பின்னாலேயே நின்று கைப்பேசியில் வில்லின் பிடியை மட்டும் பெரிதாக்கி மெதுவோட்டத்தில் படம் எடுக்கட்டும். அம்பு விடுபடும் அந்தக் கணத்தில் எந்தக் கோடு வில்லுக்கு நேராக இருக்கிறது என்று பாருங்கள். முழுசாக இழுத்த கணத்தைப் பார்க்காதீர்கள், அது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். விடும் கணம்தான் முக்கியம். இடையில் இரண்டு நொடி இருக்கும், அந்த இரண்டு நொடியில்தான் அம்பு முன்னால் ஊர்ந்துவிடுகிறது.

இரண்டு முறை எடுங்கள். ஒருமுறை மூன்று மீட்டரில், டார்கெட் தாள் இல்லாத வெறும் பேலுக்கு (அம்பு குத்தி நிற்கும் கட்டு) முன்னால். இன்னொரு முறை 50 மீட்டரில். வித்தியாசம் தானாகத் தெரியும்.


கெப்போங் அம்புக்கடை | திங்கள், இரவு 11.10

நான் அம்பு கட்டிக் கொடுப்பவன். இழுவையைப் பார்க்கும் முன்னால் அம்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இது பத்து நிமிட வேலை.

கிரெயின் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஷாப்பியில் மலிவாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு அம்பையும் நிறுத்து, நாக் (அம்பின் பின்முனையில் நாணில் மாட்டும் பிளவு) பக்கத்தில் எடையை எழுதுங்கள். 400 கிரெயின் அம்பில் 10 கிரெயின் கூடினால், அதாவது 0.65 கிராம், வேகம் ஒரு விழுக்காட்டை ஒட்டிக் குறையும். டீச்சரின் கணக்குப்படி 50 மீட்டரில் 10 செ.மீ. கீழே. போன மாதம் ஒருவர் இணையத்தில் வாங்கிய ஒரு டஜன் அம்பைக் கொண்டுவந்தார். கடைப்பெயர் வேண்டாம். பெட்டியில் எடை பொருத்தியது என்று போட்டிருந்தார்கள். நிறுத்துப் பார்த்தால் கனமானதுக்கும் லேசானதுக்கும் 30 கிரெயினுக்கு மேல் வித்தியாசம். அவர் பாவம், தன் கையைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். எடை நெருங்கிய ஆறு அம்பை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள், தூரத்துக்கு அவை. மீதி பக்கத்துப் பயிற்சிக்கு.

ஸ்பைன் (அம்புத் தண்டின் விறைப்பு) பக்கவாட்டுப் பிரச்சினை, உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். இருந்தாலும் படிக்கிறவர்களுக்காக: வலக்கைக்காரர் மூன்று விரலில் இழுத்து, அம்பை வில்லுக்கு இடப்பக்கம் வைத்தால், விறைப்பான அம்பு இடப்பக்கம் போகும், துவண்ட அம்பு வலப்பக்கம் போகும். கட்டைவிரலில் இழுத்து அம்பை வலப்பக்கம் வைப்பவர்களுக்கு இது தலைகீழ். கனமான முனை போட்டாலும் அம்பை நீளமாக விட்டாலும் அது துவண்ட அம்பாக நடந்துகொள்ளும்.

பிரேஸ் ஹைட்டையும் (நாண் மாட்டிய வில்லில் பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி) தினமும் எய்யும் முன் அளக்கவேண்டும். டேக்ரான் நாண் நம் ஊர் வெயிலில் நீளும், காலையில் இருந்த அளவு மதியம் இருக்காது. அது மாறினால் வேகமும் மாறும். இன்னொன்று, தயவுசெய்து வில்லைக் காரில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மூடிய காருக்குள் மதிய வெயிலில் ஏறும் சூட்டில் லேமினேட் பசை விட்டுவிடும். பிளந்துபோன வில்லோடு வந்து கண்கலங்கி நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்கவில்லை.


செந்தூல்காரன் | ஞாயிறு, மாலை 4.30

எல்லாரும் சொன்னதைச் செய்தேன். முதலில் தராசு. என் அம்புகளில் வித்தியாசம் 6 கிரெயினுக்குள்தான். அம்பு தப்பித்தது.

அடுத்து டேப். 20 மீட்டரில் அகலம் 24, உயரம் 27 செ.மீ. 50 மீட்டரில் அகலம் 62. உயரம், புல்லில் குத்திய ஒன்றை விட்டுவிட்டால்கூட, 118. டீச்சர், நீங்கள் சொன்ன மாதிரியே அகலம் இரண்டரை மடங்கு, உயரம் நாலு மடங்குக்கு மேல்.

கடைசியாகக் கோடு. என் மனைவிதான் படம் எடுத்தார். மூன்று மீட்டரில் ஒவ்வொரு முறையும் முதல் கோட்டிலேயே விடுகிறேன். 50 மீட்டரில் இழுத்து நிறுத்தும்போது முதல் கோடுதான். அப்புறம் குறி தேடுகிறேன். தேடத் தேட அம்பு மெல்ல முன்னால் போகிறது. இரண்டாவது கோடு வில்லுக்கு நேராக வருகிறது, சில எய்வில் மூன்றாவதும் தாண்டுகிறது. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. விரல் வாயோரத்தில்தான் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. படத்தில் விரலோடு சேர்ந்து கன்னமும் முன்னால் இழுபடுவது தெரிகிறது. மூன்றாவது கோட்டில் விட்ட அம்பெல்லாம் கீழே கறுப்பிலும் வெள்ளையிலும். முதல் கோட்டில் விட்டவை மேலே.

ஆக நோய் தெரிந்துவிட்டது. மருந்து?


பாலேக் பூலாவ் கட்டைவிரல் | ஞாயிறு, மாலை 6.10

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். வீட்டில் அக்காவுக்கும் நன்றி சொல்லுங்கள்.

மருந்து மூன்று. வாயோரம் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள், தோல் நகரும், நீங்களே பார்த்துவிட்டீர்கள். எலும்பில் இரண்டாவது தொடுபுள்ளி வேண்டும். கட்டைவிரல் முட்டி தாடை எலும்புக்குப் பின்னால் போய் உட்காரட்டும், அல்லது மேல் இறகு மூக்கு நுனியைத் தொடட்டும். இரண்டில் ஒன்று விலகினாலும் உடனே தெரிந்துவிடும்.

அடுத்து, முழு இழுவைக்கு வந்தபின் இழுப்பதை நிறுத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் முதுகுத்தோள் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் வில் ஜெயித்துவிடும். கை சும்மா ஒரே இடத்தில் நிற்க முடியாது. பின்னால் போகவில்லை என்றால் முன்னால்தான் போகும்.

மூன்றாவது கடினமானது. மூன்று நொடிக்குள் விடமுடியவில்லை என்றால் விடாதீர்கள். வில்லைத் தளர்த்தி இறக்கி, மூச்சு விட்டு, மறுபடி தொடங்குங்கள். இறக்குவதற்கு வெட்கமே வேண்டாம். இறக்கத் தெரிந்தவர்தான் என் கண்ணுக்கு நல்ல வில்லாளி.

இதையெல்லாம் 50 மீட்டரில் பழகாதீர்கள். மூன்று மீட்டரில், வெறும் பேலில், வாரம் முழுக்க. செந்தூலில் வீட்டுக்கு முன்னால் இடம் இருந்தால் நாணை இழுத்துப் பிடித்து இறக்கும் பயிற்சி மட்டும் செய்யலாம், அம்பு வேண்டாம். ஆனால் வெறும் நாணை ஒருபோதும் சுண்டிவிடாதீர்கள், லிம்ப் (வில்லின் வளையும் பகுதி) உடையும்.


பழைய நாண் | ஞாயிறு, இரவு 9.00

தம்பி, குறி தேடுகிறேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் இருக்கிறது. கைப்பழக்கத்தில் எய்பவன் தேடக்கூடாது. இழுக்கும்போதே கண் புள்ளியில் இருக்க வேண்டும், ஆங்கருக்கு வந்ததும் அம்பு போய்விட வேண்டும். 20 மீட்டரில் நீங்கள் தேடுவதில்லை, அதனால் ஊர்வதும் இல்லை. 50-ல் நம்பிக்கை இல்லாததால் தேடுகிறீர்கள். ஐந்து ஐந்து மீட்டராகப் போகச் சொன்னது அந்த நம்பிக்கைக்குத்தான்.


ஆயர் ஈத்தாம் டீச்சர் | ஞாயிறு, இரவு 9.45

ஐயா சொன்னது மிகச் சரி. தேடுவதுதான் ஊர்வதற்குக் காரணம். தேடலை நிறுத்த எனக்குத் தெரிந்த வழி வேறு: எங்கே வைக்க வேண்டும் என்று முன்னமே தெரிந்திருந்தால் தேட வேண்டியதில்லை. அதற்குத்தான் நான் கேப் பார்க்கிறேன்.

செந்தூல்காரன், இழுவை சீரான பிறகு இதைச் செய்து பாருங்கள். அம்பு முனையை மஞ்சளின் நடுவில் வைத்து விடுங்கள். பக்கத்தில் நின்றால் அம்பு மேலே போகும். கண் அம்புக்கு மேலே இருக்கிறது, அதனால் பார்வைக்கோட்டைவிட அம்பு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. பின்னால் போகப் போக அம்பு விழும் இடம் முதலில் இன்னும் மேலே ஏறும், அப்புறம் இறங்கத் தொடங்கும். கடைசியில் ஒரு தொலைவில் முனை வைத்த இடத்திலேயே குத்தும். அதுதான் உங்கள் பாயின்ட்-ஆன். ஆங்கரை மேலே ஏற்றினால் அது அருகே வரும், நீளமான அம்பு போட்டாலும் அருகே வரும். வேகமான வில்லென்றால் தள்ளிப் போகும். ஆளுக்கு ஆள் மாறும். அடுத்தவரின் எண்ணைக் கடன் வாங்க முடியாது.

இடைவெளி மிக அதிகமாக இருப்பது பாயின்ட்-ஆனின் பாதித் தொலைவை ஒட்டி. அங்கே முனையை ஒரு மீட்டருக்கும் மேல் கீழே வைக்க வேண்டி வரலாம். பாயின்ட்-ஆனை நெருங்க நெருங்க இடைவெளி சுருங்கும். உதாரணமாக உங்களுக்கு அது 55 மீட்டர் என்று வந்தால், 50 மீட்டரில் முனையை டார்கெட்டின் கீழ் ஓரத்தில் வைத்தால் ஏறத்தாழ நடுவில் குத்தும். அந்த ஓரம் கண்ணுக்குத் தெளிவான கோடு, புல்லில் எங்கோ ஒரு இடத்தைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. கைப்பழக்கத்தைவிட கேப் முறை தூரத்தில் எளிதாவது இதனால்தான்.

கண் எதைக் கூர்மையாகப் பார்ப்பது என்று சிலர் கேட்பார்கள். இலக்கைத்தான். முனை மங்கலாக, ஓரக்கண்ணில் இருந்தால் போதும்.


புதுமுகம் | திங்கள், காலை 10.20

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் கட்டைவிரல் வளையத்தில் இழுப்பவள், பினாங்குதான். 70 மீட்டரில் எனக்கு வேறு பிரச்சினை. வில்லைத் தூக்கினால் பிடிக்கும் கையே டார்கெட்டை மறைத்துவிடுகிறது. அப்புறம் எதைப் பார்த்து எய்வது?


பாலேக் பூலாவ் கட்டைவிரல் | திங்கள், இரவு 8.40

தங்கச்சி, அதுதான் பாயின்ட்-ஆனைத் தாண்டிய தொலைவு. இனி முனை உதவாது, கைதான் உதவும். இரண்டு கண்ணையும் திறந்து வையுங்கள். கை ஒரு கண்ணுக்கு மறைத்தாலும் இன்னொரு கண்ணுக்கு டார்கெட் தெரியும், மூளை இரண்டையும் சேர்த்துக் காட்டும். அப்புறம் ஆள்காட்டி விரல் முட்டியோ கட்டைவிரல் நகமோ, ஏதாவது ஒன்றைக் குறியாக எடுத்துக்கொள்ளுங்கள். வில்பிடி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இருந்தால்தான் இது பலிக்கும். அதனால் பிடியில் சின்ன நூல்கட்டு ஒன்று போட்டு விரலுக்கு இடம் சொல்லிக்கொடுங்கள்.

கொரியாவின் பாரம்பரிய வில்வித்தையில் தொலைவு 145 மீட்டர். கட்டைவிரல் இழுவை, சைட் கிடையாது. 2 மீட்டர் அகலம், 2.67 மீட்டர் உயரம், கொஞ்சம் பின்னால் சாய்ந்த பலகை. வளையப் புள்ளி எதுவும் இல்லை, பலகையில் பட்டால் பட்டதுதான். அகலத்தைக் கணக்குப் போட்டால் 50 மீட்டரில் 69 செ.மீ. டார்கெட்டுக்குச் சமம். அங்கே வயதானவர்களும் இதைத் தொடர்ந்து அடிக்கிறார்கள். நம்மாலும் முடியும் என்று எனக்குத் தைரியம் கொடுத்தது அதுதான்.

இந்தத் தொலைவில் இன்னொன்று. வில்லைத் தூக்கும்போது கையை மட்டும் தூக்காதீர்கள். தோள் உயரத்தில் இழுத்து உடம்பைச் சரியாக அமைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து முழு மேலுடம்பையும் சாய்த்து உயர்த்துங்கள். கையை மட்டும் தூக்கினால் தோள் மாட்டிக்கொள்ளும், ஆங்கர் இறங்கும், இழுவை குறையும். செந்தூல்காரரின் அதே நோய் வேறு வழியில் வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதை எல்லாரும் படிக்க வேண்டும். 35 பவுண்டு வில்கூட மேல்நோக்கி விட்டால் 150 மீட்டருக்கு மேல் போகும். வானத்தைப் பார்த்து இழுத்து இறக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கை வழுக்கினால் அம்பு எங்கே போகும் என்று யாராலும் சொல்லமுடியாது. நான் எய்யும் இடத்தில் டார்கெட்டுக்குப் பின்னால் மலைச்சரிவு, ஆள் நடமாட்டம் இல்லை. அப்படி இடம் இல்லாதவர்கள் கிளப் பாதையை விட்டு வெளியே நெடுந்தொலைவு எய்யாதீர்கள். வீட்டுப் பக்கத்துப் பாடாங்கில் (திடலில்) காலை ஆறு மணிக்கு யாரும் இல்லை என்று நினைப்பீர்கள், நடைப்பயிற்சிக்கு ஒரு பாட்டி வந்துகொண்டிருப்பார்.


கெப்போங் அம்புக்கடை | திங்கள், இரவு 10.05

45 பவுண்டு வில் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், விற்றால் எனக்கு லாபம் என்றாலும். வேண்டாம். வேகம் கூடும், வளைவு தட்டையாகும், உண்மைதான். ஆனால் 35-ஐயே பிடித்து நிறுத்த முடியாமல் ஊரும் கை, 45-ல் இன்னும் சீக்கிரம் ஊரும். மூன்று நொடி முதல் கோட்டிலேயே அசையாமல் நிற்க முடிகிற நாளில் கடைக்கு வாருங்கள், 38 அல்லது 40 பார்க்கலாம்.


செந்தூல்காரன் | ஞாயிறு, மதியம் 12.15

இன்று காலை 50 மீட்டர். வாரம் முழுக்க மூன்று மீட்டர் பேல்தான், மாலை வேலை முடிந்து வந்ததும். இரண்டாவது தொடுபுள்ளிக்கு மூக்கு நுனி இறகு எனக்குப் பொருந்தியது. தாடை எலும்பு சரியாக அமையவில்லை.

உயரம் 74 செ.மீ., எல்லாம் டார்கெட்டிலேயே. புல்லில் ஒன்றுகூட இல்லை. அகலம் பழையபடி 60. படத்தில் பெரும்பாலும் முதல் கோடு, நடுநடுவே இரண்டாவது. மூன்றாவது வரவில்லை. இறக்கி வைத்த எய்வுகள் நிறைய, பக்கத்துப் பாதையில் இருந்தவர் தோள்வலியா என்று கேட்டார்.

பாயின்ட்-ஆன் எனக்கு 53-ஐ ஒட்டி வருகிறது. ஐயா கோபிக்கக்கூடாது, முனையைக் கீழ் நீலத்துக்கும் கறுப்புக்கும் இடையில் வைத்து விட்டபோது மனசு அமைதியாக இருந்தது. 30-க்குள் பழைய முறையிலேயே தொடர்கிறேன்.

இன்னொரு கேள்வி. அடுத்து எங்கள் கிளப்பில் தொலைவு சொல்லாமல் வைக்கும் 3டி சுற்று (விலங்குப் பொம்மைகளைக் குறிவைத்து எய்வது) வருகிறது. 50 என்று தெரிந்தால் எய்துவிடுவேன். தெரியாவிட்டால்?


பழைய நாண் | ஞாயிறு, மதியம் 1.40

கோபம் எதற்கு தம்பி, அம்பு போய்ச் சேர்ந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் தொலைவு தெரியாத இடத்தில் கைப்பழக்கம்தான் கைகொடுக்கும், அதை விட்டுவிடாதீர்கள். காட்டில் மீட்டர் கல் நட்டு வைத்திருக்க மாட்டார்கள்.


ஆயர் ஈத்தாம் டீச்சர் | ஞாயிறு, மாலை 5.20

50 மீட்டரில் அம்பு இறங்கும் சாய்வு ஏறத்தாழ பத்துக்கு ஒன்று. தொலைவை 5 மீட்டர் தவறாக எண்ணினால் அம்பு அரை மீட்டர் தவறும். 20 மீட்டரில் அதே தவறு 20 செ.மீ.தான். அதனால் தூரத்தில் கண்ணளவுக்கும் தனிப் பயிற்சி வேண்டும், அதை வில் இல்லாமலே செய்யலாம்.

கால்பந்துப் பாடாங் இதற்கு நல்ல பள்ளிக்கூடம். வில்லை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கோல் கோட்டிலிருந்து பெனால்டி புள்ளி 11 மீட்டர், பெனால்டி பெட்டியின் கோடு 16.5 மீட்டர், நடுவட்டத்தின் ஆரம் 9.15 மீட்டர். கோல் கோட்டில் நின்று இவற்றைக் கண்ணில் பதியவையுங்கள். அப்புறம் மரம், கொடிக்கம்பம், குப்பைத்தொட்டி என்று ஏதாவது ஒன்றைப் பார்த்து மதிப்புச் சொல்லிவிட்டு நடந்து அளந்து பாருங்கள். உங்கள் ஒரு எட்டு எத்தனை செ.மீ. என்று முதலில் டேப்பால் அளந்துகொள்ளுங்கள்.

தூரத்தை ஒரேயடியாக மதிப்பிடுவதைவிட, பாதி வழியில் ஒரு இடத்தைக் குறித்து, அதுவரை உள்ள தூரத்தைச் சொல்லி இரட்டிப்பாக்குவது எளிது. 25 மீட்டரைக் கண் நன்றாகவே சொல்லும், 50-ஐத்தான் தடுமாறும். இடையில் பள்ளமோ ஓடையோ இருந்தால் இந்த முறையை நம்பாதீர்கள், நடுவில் தரை தெரியாது. அங்கே பழைய நாண் ஐயாவின் வழிதான் எனக்கும்.


கெப்போங் அம்புக்கடை | ஞாயிறு, இரவு 8.30

3டி சுற்று மதியத்துக்கு மேல் என்றால் மழை நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறகு நனைந்தால் படுத்துவிடும், அம்பு கனமாகும், 50 மீட்டரில் கீழே போகும். முந்தின இரவே இறகுக்கு நீர் ஒட்டாத பவுடர் தேய்த்துவிடுங்கள், தூணிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. பிளாஸ்டிக் இறகு மாட்டலாமா என்று கேட்காதீர்கள், கைமேல் வைத்து எய்யும் வில்லில் அது மடங்காமல் கையில் இடித்து அம்பைத் தள்ளிவிடும்.


செந்தூல்காரன் | ஞாயிறு, இரவு 9.15

பவுடர் கடையில் இருக்கிறதா அண்ணே? சனிக்கிழமை காலை கெப்போங் பக்கம் வருகிறேன்.


கெப்போங் அம்புக்கடை | ஞாயிறு, இரவு 9.20

இருக்கிறது. பத்து மணிக்கு மேல் வாருங்கள், அம்புகளையும் எடுத்து வாருங்கள். அந்த 60 செ.மீ. அகலத்தையும் ஸ்பைன் பார்த்துச் சரிசெய்ய முடியுமா என்று பார்ப்போம்.